மலைத்தடத்தில் சைக்கிள் ஓட்டும்போது கைக்கடிகாரத்தைக் காப்பது எப்படி?

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் விடுமுறை நாட்களில் மலைச் சைக்கிள் ஓட்டும் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கல்லும் வேரும் நிறைந்த இறக்கங்களில் ஏற்படும் குலுக்கல், தாம் எப்போதும் அணியும், கையசைவிலேயே சாவி ஏறும் எஃகு ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரத்தின் இயந்திரத்தைக் கெடுக்குமா? கீழே விழ நேர்ந்தால் கண்ணாடியும் உறையும் அடிபடாமல் இருக்க என்ன வழி? கையிலிருந்து கழற்றி ஹேண்டில்பாரில் கட்டிக்கொள்வது நல்லதா? அவரிடம் தந்தை கொடுத்த எச்எம்டி ஜனதா என்னும் பழைய, சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் ஒன்றும் இருக்கிறது. சில நாட்களில் அதையும் அணிந்துகொண்டு தடத்தில் இறங்குகிறாராம்.

விரிவாகச் சொல்லும் முன் முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் உள்ள தற்காலத்து ஆட்டோமேட்டிக் கடிகாரம் குலுக்கலால் மட்டும் கெட்டுப்போவது அரிது. கடிகாரத்தை இழக்க வைப்பவை பெரும்பாலும் ஸ்ட்ராப்பைத் தாங்கும் சிறு கம்பி, நேரம் திருத்தும் குமிழ், கண்ணாடி ஆகிய வெளிப்பாகங்கள்தான். நம் கவனம் முதலில் அங்கே போக வேண்டும். ஹேண்டில்பாரில் கட்டுவது கையில் கட்டுவதைவிடக் கெடுதல். ஜனதாவைத் தடத்துக்குக் கொண்டு போகவே கூடாது. இவற்றின் காரணங்களை அறிந்துகொண்டால், நான் இங்கே குறிப்பிடாத சூழ்நிலைகளிலும் எது பாதுகாப்பு, எது வெறும் மனநிறைவு என்று நீங்களே முடிவு செய்ய முடியும்.

முதலில் குலுக்கலைப் பார்ப்போம். இயந்திரக் கடிகாரத்தின் இதயமான பாலன்ஸ் சக்கரம், இன்றைய பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கடிகாரங்களில் மணிக்கு 21,600 அல்லது 28,800 முறை இப்படியும் அப்படியுமாக அசைகிறது. அந்தச் சக்கரத்தைத் தாங்கும் அச்சின் இரு முனைகளும் தலைமுடியின் தடிமன் அளவுக்கே மெல்லியவை. பழைய காலத்தில் கடிகாரம் கைதவறி விழுந்தால் முதலில் ஒடிந்தவை இந்த முனைகள்தான். 1930-களில் சுவிட்சர்லாந்தில் உருவான இன்காப்ளாக் போன்ற அதிர்ச்சித் தாங்கிகள் இந்தக் குறையைத் தீர்த்தன. அச்சின் முனை உட்காரும் சிறு கல், மெல்லிய ஸ்பிரிங் ஒன்றின் பிடியில் இருக்கும். அடி விழும்போது கல் சற்றே நகர்ந்து கொடுக்கும். அச்சின் தடித்த பகுதி ஒரு தடுப்பில் முட்டி அடியை வாங்கிக்கொள்ளும். பிறகு ஸ்பிரிங் கல்லைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். சீக்கோவின் டயாஷாக், சிட்டிசனின் பாராஷாக் ஆகியவையும் இதே நோக்கத்தில் செய்யப்பட்டவையே. பல எச்எம்டி கடிகாரங்களின் முகப்பில் ‘பாரா ஷாக்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூருவில் 1961-ல் சிட்டிசனின் தொழில்நுட்பத்தோடு தொடங்கிய உற்பத்தியின் அடையாளம் அது.

ஆகவே தடத்தில் வரும் தொடர் குலுக்கலுக்கு எதிராகக் கடிகாரத்துக்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறது. வெளியே இன்னொரு காவலும் உண்டு: உங்கள் கை. டயரின் காற்று, சஸ்பென்ஷன் ஃபோர்க், ஹேண்டில்பார் பிடியின் ரப்பர், கையுறை, உள்ளங்கைச் சதை, வளைந்து கொடுக்கும் மணிக்கட்டு எல்லாவற்றையும் கடந்த பிறகே அதிர்வு கடிகாரத்துக்கு வந்து சேர்கிறது. வேகமான நடுக்கங்களில் பெரும்பகுதி வழியிலேயே அடங்கிவிடும். முழங்கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு ஓட்டுபவரின் கடிகாரத்தைவிட, முழங்கையைத் தளர்த்தி மடக்கி ஓட்டுபவரின் கடிகாரம் குறைவாகவே அதிரும். ஓட்டும் முறையைச் சீர்செய்வதும் இந்த விஷயத்தில் ஒரு பாதுகாப்புதான். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அதனால் கிடைக்கும் நன்மை தனி.

இருந்தாலும் மாதக்கணக்கில் தொடரும் குலுக்கல் சில தடயங்களை விட்டுச் செல்லும். ஆட்டோமேட்டிக் கடிகாரத்தின் பின்பக்கத்தில் சுழலும் அரைவட்ட எடையைத் தாங்கும் திருகு தளரலாம். அப்போது அந்த எடை சாய்ந்து மூடியை உரசும். கையை அசைக்கும்போது கரகரவென்று ஒலி கேட்டால் அதுதான் காரணம் என்று சந்தேகிக்கலாம். முகப்பில் ஒட்டப்பட்ட மணிக்குறிகளில் ஒன்று கழன்று உள்ளே உருளலாம். முட்கள் அச்சில் தளர்ந்து, நள்ளிரவில் 12-ல் ஒன்றுசேர வேண்டியவை சற்று விலகி நிற்கலாம். எண்ணெய் காய்ந்த கடிகாரம் இவற்றை விரைவில் சந்திக்கும். தடத்தில் தவறாமல் அணியும் இயந்திரக் கடிகாரத்தை மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்து எண்ணெய் இடுவது நல்லது என்பது என் கருத்து. அலுவலகத்துக்கு மட்டும் அணியும் கடிகாரத்துக்கு இவ்வளவு அடிக்கடி தேவையில்லை.

இப்போது ஹேண்டில்பார் கேள்விக்கு விடை எளிது. மேலே சொன்ன கை என்னும் காவலை நீக்கிவிட்டு, அதிர்வின் பாதையில் நேராகக் கடிகாரத்தைக் கொண்டுபோய் வைப்பதுதான் ஹேண்டில்பாரில் கட்டுவது. அலுமினியக் குழாய் அதிர்வை அடக்காது. கடிகாரத்தின் பின்மூடி குழாயில் அழுந்தி இடைவிடாமல் உரசும். சைக்கிள் கவிழ்ந்தால் தரையில் முதலில் படுபவற்றுள் ஹேண்டில்பார் ஒன்று. நுரைத்துண்டு ஒன்றைக் குழாயில் சுற்றி அதன்மேல் கட்டினால் உரசல் குறையும் என்றாலும் கவிழும்போது அது உதவாது. பிளாஸ்டிக் உறை கொண்ட, எடை குறைந்த டிஜிட்டல் கடிகாரமோ சைக்கிளுக்கென்றே செய்த சிறு மீட்டரோ அந்த இடத்துக்குப் பொருந்தும். எஃகு ஆட்டோமேட்டிக் பொருந்தாது.

அதோடு ஒன்றையும் யோசித்துப் பாருங்கள்: இறக்கத்தில் எவரும் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. மலைச் சைக்கிள் விளையாட்டு உருவெடுத்த கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், 1976-ல் தொடங்கிய ரீபேக் இறக்கப் பந்தயங்களில்கூட, நேரத்தைக் கணக்கிட்ட கடிகாரங்கள் உச்சியிலும் அடிவாரத்திலும் நின்றவர்களிடம் இருந்தன. தடத்தில் நேரம் தெரிய வேண்டியது நிற்கும் இடங்களில்தான்: இருட்டுவதற்கு எவ்வளவு நேரம் மிச்சம், கடைசிப் பேருந்து எப்போது என்பன போன்ற கணக்குகளுக்கு. அதற்குப் பையில் இருக்கும் கடிகாரமே போதும்.

குலுக்கலைவிட அஞ்ச வேண்டியது ஒற்றை அடி. இங்கே ஒரு சிறு கணக்கு விஷயத்தைத் தெளிவாக்கும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது நொடிக்கு 4.43 மீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் அடங்க நேர்ந்தால், அப்பொருள் தன் எடையைப்போல் சராசரியாக ஆயிரம் மடங்கு விசையைத் தாங்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் தூரத்தில் அடங்கினால் நூறு மடங்கு போதும். விழுந்த உயரம் ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். நடுவில் நெகிழ்ந்து கொடுக்கும் பொருள் இருக்கிறதா இல்லையா என்பதே விசையைப் பத்து மடங்கு மாற்றிவிடுகிறது. கடிகாரத்தின்மீது போடும் எந்தப் பாதுகாப்பையும் இந்த அளவுகோலால் எடை போடலாம். அது அடியை எவ்வளவு தூரத்துக்கு இழுத்தடிக்கிறது என்று கேளுங்கள். கண்ணாடியின்மேல் ஒட்டும் மெல்லிய தாள் கீறலைத் தடுக்கும்; அடியைத் தடுக்காது. தடித்த துண்டுத்துணிப் பட்டை அழகில்லாவிட்டாலும் அடியை மெய்யாகவே குறைக்கும்.

பெட்டியில் ‘அதிர்ச்சி தாங்கும்’ என்று எழுதியிருப்பதன் பொருளையும் இங்கே சொல்ல வேண்டும். ஐஎஸ்ஓ 1413 என்ற பன்னாட்டுத் தரநிர்ணயம், கடிகாரம் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கடினமான மரத்தளத்தில் விழுவதற்கு ஈடான அடியை வரையறுக்கிறது. ஊசல்போல் ஆடி வரும் மூன்று கிலோ எடையுள்ள சுத்தியல், கடிகாரத்தை ஒன்பது மணிப் பக்கத்திலிருந்து ஒருமுறையும் கண்ணாடியின்மீது ஒருமுறையும் அடிக்கும். அதன் பிறகு கடிகாரத்தின் ஓட்டம் நாளொன்றுக்கு 60 நொடிக்கு மேல் மாறாதிருந்தால் தேர்ச்சி. இந்தச் சோதனையில் குமிழ் இருக்கும் மூன்று மணிப் பக்கம் அடிவாங்குவதில்லை. கூர்மையான கல்முனையும் அங்கே கிடையாது. சைக்கிளில் வேகமாகப் போகும்போது விழுபவரின் கை, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில் பாறையில் மோதலாம். ஆகையால் இந்தச் சொற்களை அன்றாட வாழ்வுக்கான உறுதிமொழியாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலும் கடினமான சூழலுக்கென்றே செய்த கடிகாரங்கள் வேறு வழியில் சிந்தித்தவை. கசியோ நிறுவனத்தின் பொறியாளர் கிகுவோ இபே 1981-ல் தொடங்கிய முயற்சிக்கு மூன்று இலக்குகள் இருந்தன: பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக்கூடாது, பத்து பார் அளவு நீரழுத்தத்தை (ஏறத்தாழ நூறு மீட்டர் ஆழத்து அழுத்தம்) தாங்க வேண்டும், பேட்டரி பத்து ஆண்டுகள் வர வேண்டும். 1983 ஏப்ரலில் வெளிவந்த முதல் ஜி-ஷாக்கில், இயந்திரப் பகுதி உறையோடு முழுதாக ஒட்டாமல் சில புள்ளிகளில் மட்டும் தொட்டு நின்றது. வெளியே சுற்றிலும் எழுந்து நிற்கும் நெகிழ் பிளாஸ்டிக் விளிம்பு, எந்தப் பக்கம் விழுந்தாலும் கண்ணாடியும் பொத்தான்களும் தரையைத் தொடாதபடி தாங்கியது. அடியை இழுத்தடிப்பது என்ற அதே கொள்கைதான் அது. உங்கள் எஃகுக் கடிகாரத்தில் அதற்கு இடமில்லை என்பதால் அதை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

வெளியிலிருந்து கொடுக்கும் வழிகளுள் நான் முதலிடம் தருவது, டென்னிஸ் ஆடுபவர்கள் வியர்வைக்காக அணியும் அகலமான துண்டுத்துணிப் பட்டைக்கு. கடிகாரத்தைக் கட்டிய பிறகு அதன்மேல் முழுதாக மூடும்படி இதை இழுத்துவிட்டால், பாறையில் உரசும்போது கீறலைத் துணி வாங்கிக்கொள்ளும். குமிழில் கிளையோ கையுறை விளிம்போ மாட்டாது. சேறும் நேராகத் தெறிக்காது. விலையும் குறைவு, துவைத்துக்கொள்ளவும் முடியும். மணல் ஒட்டிய பட்டையை அப்படியே மறுமுறை அணிந்தால் அதுவே உப்புத்தாளாகி உறையைத் தேய்க்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் துவைத்தே ஆக வேண்டும். முழுக்கைச் சட்டையும் முன்கைக் காப்பும் அணிபவர்களுக்கு இந்தப் பட்டை தேவைப்படாது. ஸ்மார்ட் வாட்சுகளுக்குக் கிடைக்கும் நெகிழ் பிளாஸ்டிக் உறைகளில், விளிம்பு கண்ணாடியைவிட உயர்ந்து நிற்பவை மட்டுமே பயனுள்ளவை.

கையில் எந்த இடத்தில் கட்டுகிறோம் என்பதும் இதே அளவு முக்கியம். மணிக்கட்டின் வெளிப்புறத்தில் சுண்டுவிரல் பக்கம் புடைத்து நிற்கும் எலும்பைத் தாண்டி, முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் அளவு தள்ளிக் கட்டுங்கள். சைக்கிள் ஓட்டும்போது, குறிப்பாக உடலைப் பின்னுக்குத் தள்ளி இறங்கும்போது, மணிக்கட்டு மேல்நோக்கி மடிகிறது. எலும்பின்மேலேயே கட்டியிருந்தால் மூன்று மணிப் பக்கக் குமிழ் புறங்கையில் குத்தும். விழும் நொடியில் அந்தக் குமிழும் அதன் உள்ளே போகும் மெல்லிய தண்டும் புறங்கைக்கும் முழு உடல் எடைக்கும் இடையில் சிக்கும். தண்டு வளைந்தால் நேரம் திருத்த முடியாது, நீர்த்தடுப்பும் போய்விடும். திருகி மூடும் குமிழாக இருந்தால் புறப்படும் முன் அது முழுவதும் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக இடது கையில் அணியும் கடிகாரத்தைத் தடத்தில் மட்டும் வலது கையில் அணிந்தால் குமிழ் முழங்கைப் பக்கம் திரும்பிவிடும். எளிய, செலவில்லாத மாற்றம் இது. பொத்தான்கள் உள்ள ஜிபிஎஸ் கடிகாரங்களில், மடிந்த மணிக்கட்டு பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்திவிடும் தொல்லையும் இதனால் குறையும். முகப்பை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டும் பழக்கத்தை மட்டும் மலைச் சைக்கிளில் தவிர்த்துவிடுங்கள். விழுபவர் இயல்பாகவே உள்ளங்கையை ஊன்றுவார். அப்போது கடிகாரம் தரைக்கும் எலும்புக்கும் நடுவே வரும்.

ஸ்ட்ராப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடித்தால் முக்கியமானதை விட்டவனாவேன். கடிகாரத்தையும் ஸ்ட்ராப்பையும் இணைப்பது, இரு முனையிலும் ஸ்பிரிங் வைத்த ஒன்றரை மில்லிமீட்டர் அளவுத் தடிமனுள்ள குழல் கம்பி. ஸ்பிரிங் பார் என்று கடிகாரக் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். வியர்வை உப்பும் மண்ணும் சேர்ந்து அதன் முனைகளை அரிக்கும். வெளியே எதுவும் தெரியாது. ஒருநாள் சட்டை நுனியோ புதர்க்கிளையோ இழுக்கும்போது அது விடுபட்டு, கடிகாரம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே போய்விடும். அடிபட்ட கடிகாரத்தைப் பழுது பார்க்கலாம். தொலைந்த கடிகாரத்தை என்ன செய்வது? ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு கம்பிகளையும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது, உறையின் துளைக்குப் பொருந்துவதற்குள் முடிந்தவரை தடித்ததாக, நல்ல எஃகில் செய்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

அதைவிட நல்ல காப்பு, இரண்டு கம்பிகளுக்கும் அடியில் ஒரே துண்டாக ஓடும் நைலான் ஸ்ட்ராப். பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் 1973-ல் தன் படையினருக்காக வகுத்த இந்த அமைப்பு இன்று நேட்டோ ஸ்ட்ராப் என்ற பெயரில் எங்கும் கிடைக்கிறது. ஒரு கம்பி விடுபட்டாலும் மற்றது கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும். நைலான் வியர்வைக்கு அஞ்சாது, துவைத்தால் ஓரிரு மணி நேரத்தில் காயும். தோல் ஸ்ட்ராப் வியர்வையில் ஊறித் தையல் விட்டுப்போகும். எஃகுச் சங்கிலிக்கு எடை அதிகம். அதன் கொக்கி அடிபடும்போது திறந்துகொள்ளலாம். கண்ணிகளுக்கு இடையே மணல் புகுந்து அறுக்கும். சங்கிலியைக் கழற்றி நைலான் மாட்டினாலே கடிகாரத்தின் மொத்த எடையில் கணிசமான பகுதி குறைந்துவிடும். எடை குறைந்தால் குலுக்கலின்போது அது மணிக்கட்டில் மோதும் விசையும் குறையும். எந்த ஸ்ட்ராப்பாக இருந்தாலும், கடிகாரம் தோலின்மேல் வழுக்காத அளவுக்கு இறுக்கமாக, ஆனால் இரத்த ஓட்டத்தைத் தடுக்காமல் கட்டுங்கள். தொளதொளவென்று தொங்கும் கடிகாரம் ஒவ்வொரு குலுக்கலிலும் சிறிது பறந்து மீண்டும் மோதுகிறது. கை கொடுக்கும் காவல் அதற்குக் கிடைக்காது.

கண்ணாடியில் மூன்று வகை உண்டு. கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் கடினத்தன்மை அளவில் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் 3 அளவிலும், சாதாரண மினரல் கண்ணாடி 5 முதல் 6 வரையிலும், சஃபையர் என்னும் செயற்கை நீலக்கல் 9-லும் நிற்கின்றன. மண்ணிலும் மணலிலும் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகளின் கடினம் 7. ஆகவே தடத்து மண் முதல் இரண்டையும் கீறும், சஃபையரைக் கீறாது. ஆனால் கடினமும் உறுதியும் வேறு வேறு. சஃபையர் கீறலுக்கு அசையாது. கல்முனை ஓரத்தில் தாக்கினால் சில்லுசில்லாக உடையும், அந்தச் சில்லுகள் இயந்திரத்துக்குள் போய்ச் சேரும். அக்ரிலிக் எளிதில் கீறும். உடைவது அரிது, கீறலையும் பாலீஷ் பசையால் தேய்த்துப் போக்கலாம். மலைத்தடத்துக்கு எது என்று கேட்டால், கண்ணாடியின் வகையைவிட அது விளிம்பைவிடத் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். விளிம்புக்கு மேல் குவிந்து நிற்கும் சஃபையரைவிட, உயர்ந்த விளிம்புக்குள் பதிந்திருக்கும் மினரல் கண்ணாடி தடத்தில் நெடுநாள் நிலைக்கும்.

கண்ணாடியில் விழும் கீறல்களில் பெரும்பகுதி விழுந்ததால் வந்தவையல்ல, துடைத்ததால் வந்தவை என்பதைப் பலர் உணர்வதில்லை. சேறு தெறித்ததும் சட்டைக் கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்து நேரம் பார்க்கிறோம். அந்தச் சேற்றில் இருக்கும் குவார்ட்ஸ் துகள்கள் அப்போது கண்ணாடியை உழுகின்றன. கைவசம் உள்ள குடிநீர்ப் புட்டியிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் கழுவுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் சேறு அப்படியே இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் ஸ்ட்ராப்பைத் தனியாகக் கழற்றி, கடிகாரத்தின் நீர்த்தடுப்பு நல்ல நிலையில் இருந்தால் ஓடும் குழாய்நீரில் உறையைக் காட்டி, மென்மையான பல்துலக்கியால் குமிழின் அடியையும் ஸ்பிரிங் பார் துளைகளையும் துலக்குங்கள். சைக்கிளைக் கழுவும் அழுத்த நீர்ப்பீச்சியைக் கடிகாரத்தின் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள். அதன் கூர்மையான தாரை, நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைத் தாண்டி நீரை உள்ளே செலுத்தக்கூடியது.

நீர்த்தடுப்பைப் பொறுத்தவரை, முகப்பில் உள்ள ‘30 மீட்டர்’ என்பது அசையாத நீரின் அழுத்தத்தில் சோதித்த அளவு. மழைத்துளிக்கும் கை கழுவும் நீருக்கும் போதும் என்றே அதற்குப் பொருள் கொள்ளுங்கள். ஓடையைக் கடக்கவும் சேற்றில் விழவும் நேரும் தடத்துக்கு 100 மீட்டர் என்று எழுதிய கடிகாரமே நம்பத் தக்கது. அதுவும் ரப்பர் வளையங்கள் உயிரோடு இருக்கும்வரைதான். வெயிலில் சூடான கடிகாரம் குளிர்ந்த ஓடைநீரில் முங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். வளையம் நைந்திருந்தால் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பேட்டரி மாற்றும்போதும் பழுது பார்க்கும்போதும் வளையத்தை மாற்றி, அழுத்தச் சோதனையும் செய்து தரச் சொல்லுங்கள். கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்தால் அன்றே கடிகாரப் பணியாளரிடம் கொண்டு போக வேண்டும். வெயிலில் வைத்துக் காய்ந்துவிட்டது என்று திருப்திப்பட்டால், ஈரம் மறைந்தாலும் துரு உள்ளே வேலையைத் தொடங்கியிருக்கும்.

பலரும் எதிர்பாராத இரண்டு எதிரிகளையும் குறிப்பிட வேண்டும். ஒன்று, டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த பூச்சிவிரட்டி. கொசுவையும் அட்டையையும் விரட்டக் கையில் பூசும் இந்தத் திரவம் பல வகைப் பிளாஸ்டிக்குகளைக் கரைக்கவல்லது. கடிகாரத்தின் பிளாஸ்டிக் கண்ணாடியில் பட்டால் மங்கலாகிப் பிசுபிசுக்கும். பூசிக் காய்ந்த பிறகு, கையை நன்கு துடைத்துவிட்டுக் கடிகாரத்தைக் கட்டுங்கள். கட்டும் இடத்தில் பூசவே வேண்டாம். இரண்டாவது, காந்தம். சில தலைக்கவசங்களின் தாடைக் கொக்கியும், கைபேசியைப் பொருத்தும் சில தாங்கிகளும், கழற்றி மாட்டும் சில விளக்குகளும் வலுவான காந்தத்தில் இயங்குகின்றன. இயந்திரக் கடிகாரத்தில் பாலன்ஸ் சக்கரத்தோடு இணைந்த மெல்லிய சுருள்கம்பியான ஹேர்ஸ்பிரிங் காந்தமேறினால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கடிகாரம் நாளுக்குப் பல நிமிடங்கள் விரைவாக ஓடும். காந்தத்தின் பிடி தூரத்தோடு மிக விரைவில் குறைந்துவிடும் என்பதால் சில அங்குல இடைவெளியே போதும். தலைக்கவசத்துக்குள் கடிகாரத்தைப் போட்டு வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். காந்தமேறிய கடிகாரத்தைச் சரிசெய்ய ஒரு சிறு கருவியும் சில நொடிகளும் போதும், பயப்பட வேண்டியதில்லை.

கையில் அணியாமல் கொண்டு செல்வதென்றால் எங்கே வைப்பது? முதுகுப்பையின் நடுவில், ஒரு சட்டைக்குள் சுற்றி வைப்பதே சிறந்தது. முதுகுச் சட்டைப்பையில் வைத்தால் மல்லாக்க விழும்போது உங்கள் எடையே அதை நசுக்கும். முதுகெலும்புக்கும் அது ஆபத்து. காற்றடிக்கும் பம்ப், ஸ்பானர் இருக்கும் அறையில் வைக்கக் கூடாது. சட்டகத்தில் கட்டும் சிறு பைகள் ஹேண்டில்பாரைப் போலவே அதிர்வை நேரடியாக வாங்குபவை.

இனி, எதை அணியலாம் என்பது. இயந்திரக் கடிகாரத்தோடு ஒப்பிட்டால், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தில் அசையும் பாகங்கள் குறைவு. நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு படிகத்தை, நொடிக்குச் சில முறை தாக்கும் தடத்து அதிர்வு குழப்ப முடியாது. முட்களே இல்லாத டிஜிட்டலில் அடிபடுவதற்கு இன்னும் குறைவாகவே இருக்கிறது. 1989 முதல் விற்பனையில் இருக்கும் கசியோ எஃப்-91டபிள்யூ-வின் எடை 21 கிராம்தான். அடியின் விசை எடையைப் பொறுத்தது என்பதால் இந்த இலேசே அதற்கு ஒரு கவசம். அதன் நீர்த்தடுப்பு மட்டும் குறைவு. சேறும் ஓடையும் உள்ள தடத்துக்கு ஐம்பது கிராம் அளவில் உள்ள எளிய ஜி-ஷாக் ஒன்றை நான் பரிந்துரைப்பேன். மாரத்தான் ஓட்டத்துக்கும் மலையேற்றத்துக்கும் அதே கடிகாரம் பயன்படும். ஜிபிஎஸ் கடிகாரம் வைத்திருப்பவர்கள் அடிபட்ட பிறகு அதன் பின்மூடி புடைக்கிறதா என்று கவனிக்க வேண்டும். உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் மின்னேற்றம் செய்யாமல் நிறுத்திவிடுங்கள்.

உங்கள் ஆட்டோமேட்டிக்கைத்தான் அணிவேன் என்றால் தடையில்லை. நைலான் ஸ்ட்ராப், புதிய கம்பிகள், மணிக்கட்டு எலும்பைத் தாண்டித் தள்ளிய இடம், துணிப்பட்டை ஆகிய நான்கும் சேர்ந்தால் தோட்டப் பாதைகளுக்கும் மிதமான இறக்கங்களுக்கும் அது தாராளமாகத் தாக்குப்பிடிக்கும். பாறைப் படிகளில் குதித்து இறங்கும் நாட்களில் மட்டும் அதை வீட்டில் விடுங்கள்.

ஜனதாவைப் பற்றி நான் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் அதிர்ச்சித் தாங்கி இருக்கலாம். ஆனால் அதன் ரப்பர் வளையத்தை எவர் எப்போது மாற்றினார் என்பது உங்களுக்குத் தெரியாது, வியர்வையும் சாரலும் குமிழ் வழியாக உள்ளே போகும். எச்எம்டி கடிகாரப் பிரிவை மூடும் முடிவு 2016-ல் எடுக்கப்பட்டது. புதிய உதிரிகள் வருவதில்லை. இன்று ஒரு ஜனதாவின் பாலன்ஸ் அச்சு ஒடிந்தால், பணியாளர் இன்னொரு ஜனதாவைப் பிரித்துத்தான் இதைச் சரிசெய்ய வேண்டும். அதன் முகப்பு நனைந்து கறை படிந்தால் பழைய முகப்பு திரும்ப வராது. சந்தையில் கிடைக்கும் மறு அச்சு முகப்புகள் உங்கள் தந்தை பார்த்த முகப்பு அல்ல. அதை நாள்தோறும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, திருமணத்துக்கும் அலுவலகத்துக்கும் அணியுங்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பது அதற்கு நல்லது.

கடைசியாக, எல்லாக் கவனத்தையும் மீறி விழுந்துவிட்டால் செய்ய வேண்டியவை. மணிக்கட்டில் வலி இருந்தால், கடிகாரத்துக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கு முன்பே அதைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்திருந்தால் சில நிமிடங்களில் வீக்கம் ஏறி, ஸ்ட்ராப் இரத்த ஓட்டத்தை நெருக்கும். மோதிரத்துக்கும் இதுவே பொருந்தும். பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். கண்ணாடி உடைந்திருந்தால் முகப்பின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, முகப்பு கீழ்நோக்கி இருக்கும்படி பையில் வையுங்கள். சில்லுகள் உள்ளே இறங்காது. குமிழை இழுத்தால் நொடிமுள் நிற்கும் வகையாக இருந்தால் இழுத்து நிறுத்திவிடுங்கள். கண்ணாடித் தூளோடு சக்கரங்கள் சுழன்றால் சிறு பழுது பெரும் பழுதாகும். வெளியே எதுவும் உடையாமல் ஓடிக்கொண்டிருந்தால், அன்றிரவு கைபேசி நேரத்தோடு நொடி பிசகாமல் ஒத்துவைத்து, மறுநாள் அதே நேரத்தில் ஒப்பிடுங்கள். வழக்கத்தைவிட ஓரிரு நொடி வேறுபாடு இயல்பானது. நிமிடக்கணக்கில் விரைந்திருந்தால் ஹேர்ஸ்பிரிங் சிக்கியிருக்கலாம் அல்லது காந்தமேறியிருக்கலாம். திசைகாட்டியை அருகில் கொண்டுபோய் முள் ஆடுகிறதா என்று பார்த்தால் இரண்டாவதை ஓரளவு அறியலாம். நிமிடக்கணக்கில் பின்தங்கினாலோ, முகப்பு மேல்நோக்கி இருக்கும்போது ஒருவிதமாகவும் செங்குத்தாக இருக்கும்போது வேறுவிதமாகவும் ஓடினாலோ, பாலன்ஸ் அச்சின் முனை வளைந்திருக்கக்கூடும். அந்தக் கடிகாரத்தைப் பணியாளரிடம் கொடுக்கும்போது எந்தப் பக்கமாக விழுந்தது என்பதையும் சொல்லுங்கள். எங்கே முதலில் பார்ப்பது என்று அவர் அதிலிருந்தே முடிவு செய்வார்.